இருசப்பன் பல்லுக்குக் கம்பி கட்டிய கதை

இருசப்பனுக்கு வாய் மூடாது. ஓயாமல் பேசுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம், உண்மையாகவே மூடாது. மேல்வரிசையின் முன்பற்கள் நான்கும் கீழுதட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றன. உதட்டை இழுத்துப் பிடித்து மூடினால் மோவாயில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சதை திரண்டு சுருங்கும். இரண்டு நிமிஷத்தில் வலியெடுத்துத் தானாகத் திறந்துகொள்ளும். அவன் குப்பத்தில் அவனுக்கு 'தேங்கா துருவி' என்று பெயர். பெற்ற அப்பாவே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் அவனை முதலில் பார்த்தது 1971இல். மகாபலிபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் மெட்ராஸ்காரர் ஒருவர் ஓட்டல் கட்டியிருந்தார். கடலைப் பார்த்த மாதிரி இருபத்திரண்டு அறைகள். வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். சனி ஞாயிறுகளில் மெட்ராஸிலிருந்து காரில் வரும் குடும்பங்கள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பெயர் மோசஸ், ஊர் அச்சரப்பாக்கம். அரிசி, முட்டை, சோப்பு, மீன் எதுவானாலும் என் தராசில் நிறுத்த பிறகுதான் உள்ளே போகும். இருசப்பன் ரூம் பாய். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. இருந்தாலும் பாய்தான்.

அவன் அம்மா மாரியம்மாவை எனக்கு அவனுக்கு முன்பே தெரியும். ஓட்டலிலிருந்து இரண்டு மைல் தள்ளி அவர்கள் குப்பம். காலை ஏழு மணிக்கெல்லாம் தலையில் கூடையோடு மணலில் நடந்து பின்வாசலுக்கு வந்துவிடுவாள். வஞ்சிரமோ கொடுவாவோ, அவள் கொண்டுவரும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது. சமையல்காரர் மற்றவர்களிடம் வாங்கும்போது மோந்து பார்ப்பார். மாரியம்மாவிடம் எண்ணிப் பார்ப்பதோடு சரி.

அப்பாவும் அண்ணனும் கட்டுமரம் ஏறினார்கள். இருசப்பன் மட்டும் திருக்கழுக்குன்றத்தில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். இங்கிலீஷ் அவனுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. அறைகளில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் பத்திரிகைகளை மடித்து எடுத்துவந்து மத்தியானம் என் ஸ்டோரில் உட்கார்ந்து படிப்பான். தெரியாத வார்த்தையை ஒரு நோட்டில் எழுதுவான். அதே நோட்டின் பின்பக்கத்தில் பிரெஞ்சு வார்த்தைகள், தமிழ் எழுத்தில். அவன் பெயர் வாயில் நுழையாமல் விருந்தாளிகள் 'மிஸ்டர் அப்பன்' என்று கூப்பிட்டார்கள். கொசு, தண்ணீர், வயிற்றுப்போக்கு என்று எந்தப் புகார் வந்தாலும் அவனைத்தான் தேடினார்கள்.

1973இல் ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டுப் போனாள். இருசப்பன் மேனேஜரைப் பார்க்கப் போனான். சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மேனேஜர் ஜானகிராமன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. என் மகளுக்கு ஜன்னி கண்டபோது ஓட்டல் காரையே கொடுத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். இருசப்பன் சொன்னதை முழுதும் கேட்டார்.

"உன் இங்கிலீஷ்ல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். "ஆனா, ரிசப்ஷன்தான் ஓட்டலுக்கு முகம். வர்றவங்க முதல்ல பாக்கறது அங்க நிக்கிற ஆளைத்தான். தப்பா எடுத்துக்காதே இருசப்பா. அந்தப் பல்லு..."

"பல்லு ஒண்ணுதான் சார் கொறையா?"

"அது ஒண்ணுதான்பா. அதைச் சரி பண்ணிக்கிட்டு வா, பாக்கலாம்."

சொல்லிவிட்டு என் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். பல்லைச் சரிபண்ண முடியும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நானும் நினைக்கவில்லை. இல்லை என்பதைத் தன்மையாகச் சொல்ல அது ஒரு வழி. இருசப்பன் அதை வாக்காக எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு டாக்டர் உலகநாதன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். லண்டனில் படித்த பல் டாக்டர். வாரமெல்லாம் மெட்ராஸில் வேலை. சனிக்கிழமை மட்டும் கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த தன் பூர்வீக வீட்டின் முன்னறையில் வைத்தியம் பார்ப்பார். தண்ணீர் ஊற்றப் போன இருசப்பன் அவர் பேச்சிலிருந்து பல் டாக்டர் என்று புரிந்துகொண்டு, கூஜாவைக் கையில் பிடித்தபடியே கேட்டுவிட்டான்.

டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். அவனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவன் வயதைக் கேட்டார்.

"இருபத்தெட்டு சார்."

"குழந்தைங்களுக்குச் சுலபம். உன் வயசுல எலும்பு இறுகிப் போயிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். நல்லா வலிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா முடியும். உன்னை மாதிரி வளர்ந்த ஆளுக்குப் பண்ணிப் பாக்கணும்னு எனக்கும் ரொம்ப நாள் ஆசை. கம்பியும் பட்டையும் சீமையிலேர்ந்து வரவழைக்கணும். அதுக்கு ஆகறதை மட்டும் குடு."

இருசப்பனும் அவன் பெண்சாதி பொன்னியும் கூரையை எடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடு போடச் சேர்த்து வைத்திருந்தது அதற்குப் போயிற்று.

முதலில் இடம் உண்டாக்க வேண்டும் என்றார் டாக்டர். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல்லை இரண்டு சனிக்கிழமைகளில் பிடுங்கினார். நான்கும் சொத்தை இல்லாத, ஆட்டம் இல்லாத பற்கள். காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனான். மாரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாளாம்.

"நல்ல பல்லைப் புடுங்கறவன் இன்னா டாக்டருடா?"

"சேந்து நிக்கறதுக்கு எடம் வோணும்மா."

"சேந்து நின்னு இன்னா பண்ணப் போவுது?" என்று கேட்டுவிட்டு, மண்ணில் புதைக்கச் சொன்னாளாம்.

பிறகு கம்பி. மோதிரம் போல ஒரு எஃகுப் பட்டையை ஒவ்வொரு பல்லிலும் தட்டித் தட்டி இறக்கி, சிமெண்டு வைத்து ஒட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கம்பி இழுத்தார் டாக்டர். அன்றைக்கு இருசப்பன் திரும்பி வந்தபோது இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. மூன்று நாள் கஞ்சித் தண்ணீர்தான் குடித்தான். மாதம் ஒருமுறை போய்க் கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும். போய்வந்த மூன்று நாளும் அதே கஞ்சி. கம்பியின் நுனி கன்னத்தின் உள்பக்கம் குத்திப் புண்ணாக்கியது. மெழுகை உருட்டி நுனியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். என் ஸ்டோரிலிருந்து மெழுகுவர்த்தித் துண்டு எடுத்துப் போவான்.

கடலோரத்தில் பிறந்தவன் இரண்டு வருஷத்துக்கு நண்டு கடிக்கவில்லை, கருவாடு கடிக்கவில்லை. பொன்னி மீனை முள் எடுத்துப் பிசைந்து கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல அவன் தட்டில் வைத்தாள்.

"யாருக்காவய்யா இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் இன்னா உன் பல்லப் பாத்தா கட்டிக்கினேன்?"

"ஓட்டல்ல நல்ல உத்தியோகம் கெடைக்கும்."

"கெடைக்கலன்னா?"

அந்தக் கேள்வியை அவன் தனக்குள் கேட்டுக்கொண்டதே இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு கழுத்துப் பட்டையும் கொடுத்திருந்தார் டாக்டர். பிடரியைச் சுற்றி வந்து வாயில் இருக்கும் கம்பியைப் பின்னால் இழுக்கும். அதைப் பார்த்த மாரியம்மா, "மாட்டுக்கு மூக்கணாங்கவுறு மாதிரி கீதுடா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குப்பத்தில் 'தேங்கா துருவி' போய் 'கேட்டு' என்று புதுப் பெயர் வந்தது. கரையில் வலை இழுப்பவர்கள் அவனைப் பார்த்து, "கேட்டைத் தொறடா, மூடுடா" என்று பாட்டு மாதிரி சொல்வார்கள்.

ஓட்டலில் கம்பியைப் பார்த்த முதல் நாளே ஜானகிராமன் அவனைக் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. தன் மகளுக்கும் இதே கம்பிதான் என்று ஒரு அமெரிக்கக்காரி அவன் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் ஜானகிராமன், "வாயில இரும்போட ரூமுக்குள்ள போக வேணாம்ப்பா, கழட்டற வரைக்கும் லாண்டரியில இரு" என்றார். லாண்டரியில் டிப்ஸ் கிடையாது, பத்திரிகை கிடையாது, பேச ஒரு வெள்ளைக்காரன் கிடையாது. படுக்கை விரிப்புகளை உதறுவதும் மடிப்பதும்தான்.

லாண்டரிக்குப் பக்கத்துச் சுவர் என் ஸ்டோர். அந்த இருபத்தாறு மாதத்தில்தான் நாங்கள் சிநேகிதமானோம். மத்தியானம் வருவான்.

"அண்ணாத்த, நீ கெஸ்ட்டு. ரூம் கேளு" என்பான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ரூம் இருக்கா?" என்று கேட்பேன். அவன் வெங்காய மூட்டையைக் கவுண்டராக வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, காலை வணக்கத்திலிருந்து தொடங்கி, கடல் பார்த்த அறையா தோப்பு பார்த்த அறையா, எத்தனை நாள், பாஸ்போர்ட் காட்ட முடியுமா என்று முழுவதும் சொல்லி முடிப்பான். கம்பியினால் 'ஸ' வரும் இடமெல்லாம் விசில் அடிக்கும். அதை மறுபடி மறுபடி சொல்லிச் சரி செய்துகொள்வான். சில நாள் என்னைக் கோபக்கார விருந்தாளியாக இருக்கச் சொல்வான். நான் திட்டுவேன், அவன் பணிவாகப் பதில் சொல்வான். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதை விளையாட்டு என்று நினைத்தது நான் மட்டும்தான்.

1975 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கம்பியைக் கழற்றினார்கள். டாக்டர் உலகநாதன் குறட்டால் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, பல்லைத் தேய்த்து விட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நேராகவும் பக்கவாட்டிலும் ஆறு படம் எடுத்துக்கொண்டார். கம்பி கட்டுமுன் எடுத்த பழைய படங்களோடு சேர்த்து லண்டன் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அண்ணத்தோடு பொருந்துகிற மாதிரி ஒரு பிளேட்டும் செய்து கொடுத்தார்.

"இதை இன்னும் ரெண்டு வருஷம் மாட்டிக்கணும். விட்டுட்டேன்னா பல்லு பழைய எடத்துக்குக் கெளம்பிடும், ஜாக்கிரதை."

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் ஸ்டோருக்கு வந்தான். வாசலில் நின்றான். ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவன் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. உதடு இரண்டும் இயல்பாகச் சேர்ந்திருந்தன. மோவாயில் அந்தச் சுருக்கம் இல்லை. பேசினால் எங்கே கலைந்துவிடுமோ என்பதுபோல ரொம்ப நேரம் அப்படியே நின்றான். பிறகு சிரித்தான். வரிசையாக, அளவெடுத்து வைத்த மாதிரி பற்கள்.

வீட்டில் பொன்னி, "யாரோ அசலூரு ஆளு மாதிரி கீறே" என்று சொல்லிவிட்டு, அன்று சாயந்திரமே அவனைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாளாம்.

ஜானகிராமனும் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பிரமாதம்ப்பா, பிரமாதம்" என்று அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். லாண்டரியிலிருந்து எடுத்து முன்வாசலில் லக்கேஜ் வேலைக்குப் போட்டார். ரிசப்ஷன் கவுண்டருக்கும் அவன் நிற்கும் இடத்துக்கும் இருபது அடி தூரம்கூட இருக்காது. ரிசப்ஷனில் இருந்த ஆள் பம்பாய்க்குப் போகப் போகிறான் என்று பேச்சும் இருந்தது.

1976 பிப்ரவரியில் அந்த ஆள் போனான். இருசப்பன் செங்கல்பட்டுக்குப் போய், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விண்ணப்பத்தை இங்கிலீஷில் அடித்துக்கொண்டு வந்தான். ஒரு எழுத்துப் பிழை இருந்தது என்று இரண்டாம் முறையும் போய் வந்தான். மேனேஜர் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, "முதலாளிகிட்ட அனுப்பறேன்" என்றார்.

பதினோராம் நாள் காலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவன் பெட்டியோடு வந்து இறங்கினான். விருந்தாளி என்று நினைத்து இருசப்பன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான். இங்கிலீஷில் வரவேற்றான். வந்தவன் தமிழில், "நான் பக்தவச்சலம். ரிசப்ஷனுக்குப் புதுசா வந்திருக்கேன். குவார்ட்டர்ஸ் எங்க?" என்றான். இருசப்பன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பக்தவச்சலம் முதலாளியின் நண்பருக்கு அக்கா மகன். நல்ல பையன்தான், யாரிடமும் திமிராகப் பேசியதில்லை. இங்கிலீஷ் சுமார். இடது பக்கத்தில் ஒரு தெத்துப்பல், சிரித்தால் உதட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் ஜானகிராமன் இருப்புப் பார்க்க ஸ்டோருக்கு வந்தபோது இருசப்பன் பின்னாலேயே வந்தான்.

"சார், என் அப்ளிகேஷன் இன்னா சார் ஆச்சு?"

"முதலாளி வேற ஆளைச் சொல்லிட்டாருப்பா."

"பல்லு ஒண்ணுதான் கொறைன்னு சொன்னீங்க சார்."

ஜானகிராமன் சர்க்கரை மூட்டைகளை எண்ணுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"அவுருக்கும் தெத்துப்பல்லு கீது சார்."

அதற்குமேல் அவரால் எண்ண முடியவில்லை. "மோசஸ், அந்தக் கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். நான் வெளியே போகவா என்று கேட்க நினைத்து, கேட்காமல் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

"உள்ளதைச் சொல்றேன் கேட்டுக்க. உங்கம்மா தினமும் மீன் கூடையோட பின்வாசல்ல வந்து நிக்கிறாங்க. உங்க ஆளுங்க பூரா இந்தக் கரையிலதான் இருக்காங்க. உனக்குக் கோட்டு போட்டு முன்னால நிறுத்தினா, மெட்ராஸ்லேர்ந்து வர்ற குடும்பம் உன் கையால சாவி வாங்கணும். வெள்ளைக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்மவங்களுக்குத் தெரியுமே. இருசப்பன்னு பேரைப் பாத்ததுமே முதலாளி அப்ளிகேஷனை மடிச்சு வெச்சுட்டார். நான் என்ன பண்ண முடியும்?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்குப் பல்லுன்னு சொன்னது உன் மனசு நோகக் கூடாதேன்னுதான். நீ நெஜமாவே போய்க் கம்பி கட்டிக்கிட்டு வருவேன்னு நான் கண்டேனா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார்" என்றான் இருசப்பன். "நாலு பல்லாவது மிச்சமாயிருக்கும்."

நான் கதவைத் திறந்துவிட்டேன். ஜானகிராமன் முதலில் போனார், அவன் பின்னால் போனான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் யோசித்தது வார்த்தையைப் பற்றி இல்லை, என் வேலையைப் பற்றி. அச்சரப்பாக்கத்தில் என் அப்பா அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்றவர். என்னையும் ஸ்டோரில்தான் வைத்திருந்தார்கள்; ஸ்டோரும் பின்பக்கம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாமலா இருந்தது?

அன்று சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனபோது மாரியம்மா வாசலில் உட்கார்ந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டாளாம். இருசப்பன் ஜானகிராமனிடம் காட்டாத கோபத்தை எல்லாம் அவளிடம் காட்டினான்.

"இந்தக் கூடை உன் தலையில கீற வரைக்கும் எனக்கு எவன் வேலை குடுப்பான்? நாத்தத்தோட வந்து தெனம் அங்க நிக்கிறியே, உன்னை எவன் வரச் சொன்னான்?"

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பொன்னிதான் அவனைத் திட்டினாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் மாரியம்மா ஓட்டலுக்கு வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் வரவில்லை. சமையல்காரர் என்னைச் சத்தம் போட்டார். கோவளத்து கான்ட்ராக்டரிடம் மீன் வாங்கினோம். ஐஸில் கிடந்து கண் வெளுத்த மீன். ஒரு வாரம் கழித்து, "உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இருசப்பனைக் கேட்டேன். அவன் விழித்தான். அவன் புறப்படுகிற நேரத்தில் அவளும் கூடையோடு கிளம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஓட்டலுக்கு வருகிறாள் என்றே அவன் எண்ணியிருந்தான்.

அவள் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீர் சொட்டும் கூடையை ஏற்ற எல்லா கண்டக்டரும் சம்மதிப்பதில்லை. ஏற்றினால் பஸ், இல்லாவிட்டால் நடை. ஐம்பத்தைந்து வயது அவளுக்கு. சந்தையில் அவளுக்கென்று இடமும் கிடையாது. கடைசியில் போய் உட்கார்ந்து, மீதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள்.

அவன் கேட்டதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் வராம இருந்தா உனுக்கு வழி வுடுவாங்களான்னு பாத்தேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நாளைலேர்ந்து ஓட்டலுக்கே போ."

"எதுக்கு? இன்னொரு தபா நீ சொல்லிக் காட்டறதுக்கா?"

இரண்டு மாதம் கழித்து ஜானகிராமனே அவனைக் கூப்பிட்டார். "உங்கம்மாவை வரச் சொல்லுப்பா. கான்ட்ராக்டர் மீனை யாரும் தொட மாட்டேங்கறாங்க. வேணும்னா கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். தான் ஸ்டோரில் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. இருசப்பன், "சொல்றேன் சார்" என்றான். வீட்டில் சொல்லவில்லை. மாரியம்மா அந்தப் பின்வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. கால் வீங்கி நடக்க முடியாமல் போகும்வரை சந்தைக்கே போனாள்.

அவன் வேலையை விடவில்லை. வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கி பக்தவச்சலம் திணறும்போது, "இருசப்பா, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிடுவான். இருசப்பன் பெட்டிகளை வைத்துவிட்டுப் போவான். கவுண்டருக்கு வெளியே, விருந்தாளிகள் பக்கம் நின்று, அவர்கள் கேட்பதைக் கேட்டு, உள்ளே இருப்பவனுக்குத் தமிழில் சொல்வான். எல்லாம் முடிந்ததும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடப்பான். மூன்று வருஷம் இப்படி ஓடியது. என் ஸ்டோருக்கு வருவது நின்றுபோயிற்று. எதிரில் பார்த்தால், "இன்னா அண்ணாத்த" என்பதோடு சரி. நோட்டை என்ன செய்தான் என்று தெரியாது.

டாக்டர் கொடுத்த பிளேட்டை ஸ்டோரில் அந்தப் பேச்சு நடந்த நாளோடு மாட்டுவதை நிறுத்தியிருந்தான். மாதக் கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பல் பிடுங்கின இடங்களில் சந்து விழுந்தது. முன்பற்கள் மெல்லக் கிளம்பின. பழையபடி முழுக்க வெளியே வரவில்லை. பாதி தூரம் வந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றன.

1978இல் டாக்டர் உலகநாதன் மறுபடியும் சாப்பிட வந்தார். பெட்டி தூக்கிக்கொண்டு போனவனை அடையாளம் கண்டு நிறுத்தினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பிளேட்டு மாட்டலையா நீ? ரெண்டு வருஷம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உன் படம் லண்டன் பத்திரிகையில வந்திருக்கு, தெரியுமா? எத்தனை டாக்டர் எனக்கு லெட்டர் போட்டாங்க தெரியுமா? இப்ப யாராவது வந்து ஆளைக் காட்டுன்னு கேட்டா நான் எதைக் காட்டறது?"

"படத்துல கீறவன் நல்லாத்தான் சார் கீறான்" என்றான் இருசப்பன். "அவனையே காட்டுங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டாக்டர் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "இவங்களுக்கெல்லாம் நல்லது பண்ணவே கூடாது" என்றார். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவன் ஓட்டலை விட்டு நின்றுவிட்டான். யாரோடும் சண்டை இல்லை. சம்பளம் வாங்கிய மறுநாள் வரவில்லை, அவ்வளவுதான். கோவளத்தில் இறால் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிற ஒருவரிடம் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக அவனைப் பார்த்தது அந்த வருஷ முடிவில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில். நான்தான் போய்ப் பேசினேன். எறா வேலையில் குறை ஒன்றும் இல்லை என்றான். அம்மாவால் எழுந்து நடக்க முடியவில்லை, வைத்தியத்துக்கு எண்ணெய் வாங்க வந்தேன் என்றான். என் மகளைப் பற்றி விசாரித்தான். பேசும்போதெல்லாம் வலது கையை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டான். தேங்கா துருவி என்று ஊரே கூப்பிட்ட காலத்தில் அவன் ஒருநாளும் வாயை மறைத்துப் பேசியதில்லை. அந்தப் பல்லோடுதான் வெள்ளைக்காரர்களிடம் வாய்விட்டுச் சிரித்துப் பேசியிருக்கிறான்.

திருப்போரூர் பஸ் வந்தது. "வரேன் அண்ணாத்த" என்று கைக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டு, எண்ணெய்ப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஏறினான்.